சிவப்பு நூல் கட்டாத செடிகள்

ஏற்காட்டு மலையில் பாதி ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. முன்பக்கத்தில் உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம். "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க, வண்டி பின்னால போகுது!" என்று கண்டக்டர் கத்தினார். நானும் குதித்தேன். இரண்டு பேர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தார்கள். வைத்த விதத்தைப் பார்த்தால் தினமும் செய்கிற வேலை என்று தெரிந்தது. நான் மட்டும்தான் வேடிக்கை பார்த்தேன்.

எங்கள் மலேசியாவில் கேமரன் மலைக்குப் போகும் பஸ்ஸும் இப்படித்தான் வளைந்து வளைந்து ஏறும். ஆனால் அந்தப் பயணத்தில் யாரும் கல் தேடி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் கொய்யாப்பழத்தைக் கையால் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"மலேசியாவுங்க. தைப்பிங்."

"அட, அங்கயும் தமிழ் பேசறாங்களா?"

என் அப்பா ரப்பர் பால்மரம் சீவிய தோட்டத்தில் தமிழைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை, நான் பேசுவது உண்மையான தமிழ்தானா என்று சோதிப்பதுபோல, ஒவ்வொரு மரமாகக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். பலாவும் சவுக்கும் சொன்னேன். மிளகுக்கொடி ஏறியிருந்த ஒரு மரத்துக்குப் பெயர் தெரியவில்லை. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

இது எண்பதுகளின் தொடக்கத்தில், ஏப்ரல் மாதக் கடைசியில் நடந்தது. நான் ஒரு இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியன். பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் செருப்பு ஆர்க்கிட்களோடுதான். பூவின் கீழ் இதழ் செருப்பின் முன்பக்கம்போலக் குழிந்து ஒரு பையாக இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் ஊர் ஆர்க்கிட் சங்கத்தின் கண்காட்சிகளில் நான் நடுவர். என்னோடு ஆறு வருடமாகக் கடிதம் எழுதிவந்தவர் தனராஜ். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வைத்திருந்தார். அவர் எனக்கு எண்ணெய்த்தாளில் மடித்து மகரந்தம் அனுப்புவார், நான் அவருக்கு அனுப்புவேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. "ஒருமுறை வந்து பாருங்கள், உங்கள் கண் எனக்கு வேண்டும்" என்று எழுதியிருந்தார். பள்ளி விடுமுறைக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் நிலையத்தில் ஜீப்போடு காத்திருந்தார். உயரமான மனிதர், சிரிக்கும்போது கண் இரண்டும் மூடிக்கொள்ளும். "வாத்தியாரே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆறு வருடக் கடிதங்களில் இல்லாத அன்பு அந்தப் பிடியில் இருந்தது. பங்களாவுக்குப் போனதும் ஆட்டுக்கறிக் குழம்பு, நெய்ச்சோறு, பலாக்கொட்டைப் பொரியல். சாப்பிட்டதும் காப்பி. அதுவரை நான் குடித்து வந்த காப்பி என்ன என்ற கேள்வி அந்த முதல் வாயிலேயே எழுந்தது. எங்கள் ஊர்க் காப்பிக்கடைகளில் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கருக வறுப்பார்கள். இது வேறு சாமான்.

பிறகு கொட்டகைகளுக்குக் கூட்டிப்போனார். மூன்று இருந்தன.

முதல் கொட்டகையில் கலப்பினங்கள். எத்தனையோ தலைமுறை சேர்த்துச் சேர்த்து வளர்த்தவை. ஒவ்வொரு பூவும் ஒரு சிறிய தட்டு அகலம், மெழுகு பூசியதுபோலப் பளபளப்பு, இதழும் இதழும் இடைவெளியில்லாமல் ஒட்டி முழு வட்டமாக. எங்கள் கண்காட்சிகளில் பரிசு வாங்குவது இந்த வட்டங்கள்தான். இரண்டாவதில் புள்ளி இலைக்காரர்கள். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டம் கட்டமாக, ஆமை ஓட்டைப் பார்த்ததுபோல. எங்கள் பினாங்கு மலையில் ஊதாப்பூ பூக்கும் ஒரு வகை இந்த இனம்தான். சின்ன வயதில் பூ இல்லாத காலத்திலும் இலையைப் பார்த்தே கண்டுபிடிப்போம்.

மூன்றாவது கொட்டகையின் கதவைத் திறந்தவர் என்னை முன்னால் போகச் சொன்னார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே மஞ்சள். பலகை பலகையாக மஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், வெயில் காயும் பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் மஞ்சள் செருப்பு ஆர்க்கிட் அது. உலகத்தில் வேறு எந்த மலையிலும் கிடையாது. பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, அழிந்தே போய்விட்டது என்று எழுதப்பட்ட செடி. நான் அதைப் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். ஐந்தோ பத்தோ காட்டுவார் என்று நினைத்து வந்தேன். அங்கே முந்நூறுக்குக் குறையாமல் இருந்தன. எல்லாம் பூத்திருந்தன.

"இத்தனையா!" என்றேன்.

"தெற்கே ஒரு ஆள் இருக்கார். சாக்குல அனுப்புவார்," என்றார் தனராஜ்.

எப்படி, எந்தச் சரிவிலிருந்து, அங்கே மீதி எவ்வளவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குனிந்து பூவைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டதும் தனராஜ் வேலையைச் சொன்னார். "இதுல எது உசத்தின்னு நீங்க பாத்துச் சொல்லணும், வாத்தியாரே. உசத்திக்கு ஒரு சிவப்பு நூல். அவ்வளவுதான்." உதவிக்கு ராமாயியை விட்டுவிட்டுப் போனார். அந்தக் கொட்டகைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைச்சோலை என்ற ஊர்க்காரர். தினமும் அங்கிருந்து நடந்தே வருவார். ஒரு கையில் நூல்கண்டு, இன்னொரு கையில் கத்தரி. நான் காட்டும் தண்டில் முடி போடுவதுதான் வேலை.

அந்த ஒரு நாளைப்போல நான் மகிழ்ச்சியாக இருந்த நாள் குறைவு. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே இனம், ஆனால் ஒரு செடிபோல இன்னொன்று இல்லை. சிலவற்றில் பக்க இதழ்கள் நேராக நீட்டியிருந்தன, சிலவற்றில் தொங்கின, சிலவற்றில் நுனி முன்னால் வளைந்தது. மஞ்சளே எத்தனை மஞ்சள்! எலுமிச்சை, மஞ்சள்தூள், பழுத்த வாழை இலை. இதழின் நடுவே ஓடும் கோடு ஒன்றில் மை தீட்டியது போலக் கறுப்பாகவும், இன்னொன்றில் துவைத்து வெளுத்தது போலவும் இருந்தது. புள்ளியில்லாத பச்சை இலைகளிலும் அப்படியே. குட்டை, நெட்டை, வாள்போலக் குறுகியவை, அடிப்பக்கம் ஊதா ஓடியவை.

ராமாயி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். தொங்கும் இதழுக்குத் தொங்கக்காது. கறுப்புக் கோட்டுக்குக் கண்மை. ஒல்லியான பூவுக்கு நோஞ்சான்.

"பூ இல்லாதப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றேன்.

"எலயப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க. அடியில செவப்பு ஓடுச்சுன்னா கோடு நொம்ப கறுப்பா வருமுங்க."

சோதித்துப் பார்த்தேன். பூவைச் செய்தித்தாளால் மறைத்து, இலையை மட்டும் காட்டினேன். பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னார். இரண்டு தவறியதற்கு என்னைவிட அவர்தான் வருத்தப்பட்டார். "அது தண்ணி பத்தாம வெளுத்துப் போயிருக்குதுங்க, அதான் ஏமாந்துட்டேன்."

மாலைக்குள் பதினோரு செடிக்கு நூல் கட்டினோம். பதினொன்றும் அகலமான இதழ், உச்சியில் நிமிர்ந்து நிற்கும் முதுகிதழ், வட்டத்துக்கு மிகப் பக்கத்தில். பன்னிரண்டாவதாக ஒரு கண்மையை ராமாயி காட்டினார். "இதுக்குங் கட்டலாமுங்களா? நொம்ப லச்சணமா இருக்குது." நான் பார்த்தேன். நிறம் அற்புதம். ஆனால் இதழ் குறுகல். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் நூலைச் சுற்றி வைத்தார்.

மூன்றாம் நாள் தனராஜ் என்னை ஜீப்பில் சேர்வராயன் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். "மலை உச்சி, பாக்காமப் போகக் கூடாது." கோயில் என்பது ஒரு குகை. குனிந்து போக வேண்டும். நான் குனிந்தது போதவில்லை, நெற்றியில் பாறை இடித்தது. குகைக்குள்ளே காவிரிவரை வழி இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். போய்ப் பார்த்தவர் உண்டா என்று கேட்டேன். "போனவங்க வந்து சொன்னாத்தானுங்களே," என்றார். வெளியே காற்று வேட்டியையும் சேலையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் திருவிழாவாம். இப்போதே பாதையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஜீப் கிளம்பவில்லை. டிரைவர் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர் ஒருவர் தன் மோட்டார் பைக்கில் ஏற்றிக்கொண்டார். பின்னால் ஏற்கெனவே ஒரு மூட்டை வாழைக்காய் இருந்தது. நான் மூட்டைக்கும் அவருக்கும் நடுவில். இறக்கத்தில் அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டினார். பெட்ரோல் மிச்சம் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தைந்து வருடமாகக் கூப்பிடாத தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

பங்களா வாசலில் இறங்கியபோது, உள்ளே தனராஜ் டெலிபோனில் ஆங்கிலத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு டிரங்க்கால் போலிருக்கிறது. "பதினொன்று, ஆமாம், பதினொன்றுதான். மலேசிய நடுவர் தன் கையால் பொறுக்கியவை. இல்லை, வேறு யாரிடமும் இருக்காது." கொஞ்ச நேரம் மறுபக்கம் பேசியதைக் கேட்டார். பிறகு சிரித்தார். "மீதியா? மீதி என்று ஒன்று இருந்தால்தானே!"

அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. மூன்றாவது கொட்டகைக்குப் போனேன். கதவு திறந்துகிடந்தது. பலகைகள் காலி. தொட்டிகள் இருந்த இடத்தில் ஈர வட்டங்கள் மட்டும். காலித் தொட்டிகளைக் கழுவி மூலையில் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். பதினொன்று மட்டும் ஒரு ஓரத்தில் நூலோடு நின்றன.

கொட்டகைக்குப் பின்னால் சரிவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. காப்பித் தோலைக் கொட்டி மக்க வைக்கும் குழி அங்கே இருந்தது. ராமாயி அதன் விளிம்பில் நின்று, ஒரு தட்டிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளித் தூவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு. எட்டிப் பார்த்தேன்.

எல்லாம் அங்கே கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, வேர் மேலேயும் பூ கீழேயுமாக. மண்வெட்டியால் சிலவற்றை நடுவில் வெட்டியிருந்தார்கள். மஞ்சள் பூக்கள் சுண்ணாம்பில் பழுப்பாகிக்கொண்டிருந்தன. குழியின் சரிந்த பக்கத்தில் பார்த்தால், அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு. நார் நாராக, காய்ந்துபோன அதே புள்ளியில்லாத இலைகள். அது போன வருடத்ததாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே இன்னொன்று.

"என்னங்க இது? என்ன பண்றீங்க?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

ராமாயி திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"நீங்க நூல் கட்டாம உட்டதுதானுங்க இது."

நான் குழிக்குள் இறங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. முழங்கால்வரை செடிகள். அந்த இடம் கதகதவென்று இருந்தது. கையில் கிடைத்ததை எடுத்து மேலே வீசினேன். சுண்ணாம்பு விரல் இடுக்கில் எரிந்தது. ராமாயி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பங்களாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் இறங்கினார்.

"ஒருக்கா ரெண்டு செடிய எங்க ஊட்டுல கொண்டுபோய் வெச்சேனுங்க," என்றார், தேடிக்கொண்டே. "தொரை வந்து பாத்துப்போட்டு அவரே புடுங்கிட்டாருங்க. ஒரு வாரம் வேலைக்கு வராதன்னுட்டாரு. அதுல இருந்து இந்தச் சுண்ணாம்புங்க."

"அப்ப நீங்க இறங்க வேண்டாம். மேல போங்க."

"எதுல உசுரு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க," என்றார்.

உண்மைதான். நான் பூவைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை. இலையின் அடியை விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மேலே, கொளகொளவென்றிருந்தால் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசினோம். அலசி முடித்தபோது நாற்பத்தொரு செடி நின்றன. முந்நூறில் நாற்பத்தொன்று. அவர் தன் தூக்குப்போசியைத் திறந்து ராகிக் களியும் கீரைக் கடைசலும் பாதி எனக்குப் பங்கு வைத்தார். என் விரலில் இருந்த சுண்ணாம்பில் வாயெல்லாம் பொத்துப்போனது. இருந்தும் சாப்பிட்டேன்.

தனராஜ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "என்ன வாத்தியாரே இது கோலம்? சட்டையெல்லாம் சுண்ணாம்பு!"

"குழியில போட்டதை எடுத்தேன்."

"ஏன்?"

"ஏன் போட்டீங்க?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க."

"எது நல்லதுன்னு சொன்னேன். மத்ததைக் கொல்லச் சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான்." அவர் கோபப்படவே இல்லை. காப்பிச் செடியை வெட்டிக் கவாத்து செய்வதுபற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "மத்தது வெளிய போச்சுன்னா, அதுல எவனாவது விதை எடுப்பான். பத்து வருஷத்துல நம்ம பதினொண்ணவிட நல்லதா ஒண்ணைக் கொண்டுவந்து காட்டுவான். அப்புறம் நம்மளதை யாரு திரும்பிப் பாப்பா? அதனாலதான் கட்டுனது மட்டும் இருக்கணும்."

எழுந்து உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். என் கடிதங்கள். எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். ஒன்றைப் புரட்டி வாசித்தார். "'குறுகிய இதழ் உள்ளவற்றை வைத்திருந்து பயனில்லை. இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும்.' உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். எழுதியது எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்பதுகூட நினைவுக்கு வந்தது. எழுதும்போது ஒரு செடிகூட என் மனதில் இருந்ததில்லை. ஒரு பொதுவான கருத்தாகத்தான் எழுதினேன். அதை ஒருவர் வாசித்து, மண்வெட்டியை எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் அவர். "உங்களுக்குன்னு நூல் கட்டுனதுல ரெண்டு செடியில ஒவ்வொரு பங்கு பிரிச்சுப் பொட்டில கட்டச் சொல்லியிருக்கேன். அது வேணும்னா அது. இந்தக் குப்பை வேணும்னா இது. ரெண்டும் சேத்துக் கிடையாது."

வெட்கத்தோடு எழுதுகிறேன்: நான் யோசித்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த இரண்டும் எங்கள் ஊரில் யாரிடமும் இல்லாதவை. பிறகு, "இதையே எடுத்துக்கறேன்," என்றேன்.

"யார் கூட இருந்து எடுத்தது?"

"நான் மட்டும்தான்."

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். முற்றத்தில் ராமாயி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். முழங்கைவரை வெள்ளை.

நான்காம் நாள் காலை எனக்கு ஜீப் கிடையாது என்று சமையல்காரர் வந்து சொன்னார். செடிகளை இரண்டு சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் சாக்கை மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க, கெழங்கா?" என்றார். ஆமாம் என்றேன். ஏற்காட்டில் அரசுத் தோட்டம் ஒன்றில் ஆர்க்கிட்களுக்கென்றே ஒரு பகுதி இருப்பதாக ராமாயி சொல்லியிருந்தார். அங்கே போனேன். பொறுப்பில் இருந்தவர் முத்தையா என்ற இளைஞர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சட்டைப்பையில் இரண்டு பேனா, செருப்பில் சேறு.

சாக்கைப் பிரித்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு செடியை எடுத்து, வேரிலிருந்து நுனிவரை விரலால் தடவினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

நடந்ததை முழுக்கச் சொன்னேன். நூல் கட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் செடியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "போன தைமாசம் இது வளர்ற அந்தத் தெக்கத்தி மலைக்கு நாங்க போனோம் சார். மூணு நாள் நடை. பாறைச் சரிவு பூரா குழி குழியா இருந்துச்சு. காட்டுப்பன்னி தோண்டிருக்குன்னு நெனச்சோம். அப்படித்தான் ரிப்போர்ட்லயும் எழுதுனேன்."

செய்தித்தாளை விரித்துச் செடிகளை ஒவ்வொன்றாக அதில் படுக்க வைத்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதை ஏன் வேண்டாம்னீங்க?"

"இதழ் குறுகல்."

"இது?"

"முதுகிதழ் முன்னால சாயுது."

"இது?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காட்டில் ஒரு பூவின் இதழ் குறுகலாக இருப்பதில் என்ன குறை என்று அவருக்குப் புரியவில்லை. அதை விளக்க எனக்கும் தெரியவில்லை. இருபது வருடம் நடுவராக இருந்தவன் நான்.

அன்றிரவு ஏற்காட்டிலேயே தங்கி, ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பி, சேலம் பஸ்ஸுக்காக நின்றேன். எதிர்ப்புறம் ராமாயி நின்றுகொண்டிருந்தார். எஸ்டேட்டில் இருக்க வேண்டிய நேரம்.

"வேலைக்கு வேண்டாம்னுட்டாருங்க," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "கையப் பாத்துட்டாருங்க. இந்தத் தடவ வாரக்கணக்கு இல்லீங்களாம். வரவே வேண்டாமாமுங்க."

அவர் அழவில்லை. மூன்று நாள் விருந்தாளியாக வந்து ஒருவருடைய வேலையைத் தின்றுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "எங்க போறீங்க?" என்றேன். வெள்ளக்கடைப் பக்கம் ஏதாவது எஸ்டேட்டில் ஆள் எடுப்பார்களா என்று கேட்கப் போவதாகச் சொன்னார். என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"எங்கூட வாங்க," என்று முத்தையாவிடம் கூட்டிப்போனேன்.

முத்தையா செடிகளை எண் போட்டு மணலில் நட்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ராமாயி வரிசையைச் சுற்றிவந்தார். ஓரிடத்தில் நின்றார். "ஏனுங்க, இதும் அந்தக் கோடியில இருக்கறதும் ஒரே செடிங்க. மம்புட்டி வெட்டி ரெண்டா போயிருக்குது. ரெண்டு நம்பரு போட்டிருக்கறீங்க."

முத்தையா இரண்டையும் பிடுங்கி அடியைப் பொருத்திப் பார்த்தார். வெட்டுவாய் சரியாகப் பொருந்தியது. அவர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"தினக்கூலிதான்மா. தண்ணி ஊத்துற வேலை. மேல எழுதிக் கேக்கணும். வருவியா?"

"ஊட்டுல இருந்து பக்கமுங்களே," என்றார் ராமாயி. அதுதான் அவர் சொன்ன சம்மதம்.

நான் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கினேன். இறக்கத்தில் யாரும் கல் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பதில் வராததால் தூங்கிப்போனார்.

அடுத்த வருடம் முத்தையாவிடமிருந்து கடிதம் வந்தது. வெட்டுப்பட்ட இரண்டையும் ஒன்றாக எண்ணி, நாற்பதில் இருபத்துமூன்று பிழைத்தன. ஒன்பது பூத்திருந்தன. முதலில் பூத்தது ஒரு கண்மை. ராமாயி இலையைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லியிருந்தாராம். விதை எடுத்திருக்கிறார்கள். தெற்குச் சரிவில் தேடியதில் பாறை இடுக்கில் நான்கு குத்துச் செடி கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். படித்துவிட்டு நான் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கு அடுத்த வருடம் வெளிநாட்டு ஆர்க்கிட் பத்திரிகை ஒன்று எங்கள் சங்கத்துக்கு வந்தது. நடுப்பக்கம் முழுவதும் ஒரு மஞ்சள் பூ. பதினொன்றில் ஒன்று. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் நூல் கட்டிய ஐந்தாவது. உயர்ந்த பரிசு வாங்கியிருந்தது. கீழே அந்தச் செடிக்கு வைத்த பெயரை அச்சிட்டிருந்தார்கள். 'பரமசிவம்' என்று, என் பெயரை. தனராஜ் அன்பினால் வைத்தாரா வேறு எதனால் வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடிதப் போக்குவரத்து அந்த ஏற்காட்டுப் பயணத்தோடு நின்றுபோயிருந்தது.

சங்கத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் மாலைக்கு ஆள் அனுப்பினார். நான் அவர்களை உட்காரச் சொன்னேன். கொட்டகை, நூல், குழி, சுண்ணாம்பு, அதற்குக் கீழே இருந்த அடுக்குகள், என் கடிதம், எல்லாவற்றையும் சொன்னேன். இனி நடுவராக உட்கார மாட்டேன் என்றும் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கையை உயர்த்தினார். எனக்கு நெருங்கிய நண்பர், நல்ல மனிதர்.

"எல்லாம் சரி பரமசிவம்," என்றார். "அந்தப் பதினொண்ணுல ஒண்ணு நமக்குக் கிடைக்க வழி இருக்கா?"